காடி போச்சு, இன்சூரன்ஸ் வந்துச்சு, கையில நின்னது 3,100 வெள்ளி

வணக்கம் மக்களே. மலேசியாவுல சுங்கை சிப்புட்லேருந்து பேசுறேன். மழை சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க, வீட்டு முன்னாடி அஞ்சடியில உக்காந்துதான் வீடியோ எடுக்கிறேன். போன நவம்பர்ல எங்க பெஸ்ஸா காடி, அதான் எங்க காரு, அடிபட்டதைப் பத்தி நிறைய பேரு கேட்டீங்க. தம்பி நல்லா இருக்கான். தோள்பட்டையில பெல்ட் அழுத்தின தடம் மட்டும் ரெண்டு வாரம் நீலமா கிடந்துச்சு, அவ்வளவுதான். சாமிக்கு நன்றி.

ராத்திரி பத்தரை மணி. ஈப்போவுல ஷிஃப்ட்டு முடிச்சுட்டு வர்றான். மெயின் ரோட்டுலேருந்து எஸ்டேட் ரோட்டுக்குள்ள திரும்பி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல வர்றப்போ மாடு குறுக்க வந்துருச்சு. இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், கருப்பு மாடு ராத்திரியில கண்ணு மட்டும்தான் மின்னும். இவன் ஸ்டியரிங்கை ஒடிச்சான், காடி கால்வாய்க்குள்ள இறங்கி சிமெண்டுப் பாலத்துல இடிச்சு நின்னுச்சு.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள இழுவை லாரி ஒண்ணு வந்து நிக்குது. யாரு கூப்பிட்டாங்கன்னே தெரியாது. ஒரு பாரத்துல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. தம்பி கை நடுங்கிக்கிட்டு இருக்கு, பேனாவை வாங்கிட்டான். நான்தான் பிடுங்கினேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்: உங்க இன்சூரன்ஸ் கம்பெனி நம்பரை இப்பவே போன்ல போட்டு வச்சுக்குங்க. அவங்க அனுப்புற லாரியில மட்டும் ஏத்துங்க. தெரியாதவன் இழுத்துட்டுப் போனா, காடி எந்த பெங்கெல்ல, எந்தப் பட்டறையில கிடக்குன்னு தேடவே ரெண்டு நாள் ஆகும்.

போலீஸ் ரிப்போர்ட்டு 24 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். சமன், அபராதம் வரும்னு பயந்து தள்ளிப் போடாதீங்க. எங்களுக்கும் 300 வெள்ளி சமன் வந்துச்சு, கட்டினோம். ரிப்போர்ட்டு இல்லாம கிளெய்மே நகராது.

அப்புறம் சேதத்தை மதிப்புப் போடுற அட்ஜஸ்டர் வந்தாரு, படம் எடுத்தாரு. சேசிஸ் வளைஞ்சு போச்சு, ரிப்பேர் செலவு காடி மதிப்புக்கு ஒத்து வராது, டோட்டல் லாஸ்னு கடிதம் வந்துச்சு. அதுவரைக்கும் என் மனசுல ஒரு கணக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதே வருஷத்து பெஸ்ஸா அப்போ 27,000 வெள்ளி கிட்ட போகுது. பேங்குக் கடனைக் கழிச்சாலும் எட்டாயிரம் நிக்கும், அதை வச்சு இன்னொரு காடிக்கு முன்பணம் கட்டிடலாம்னு.

கடிதத்துல போட்டிருந்தது 22,000.

நேரா ஆபீசுக்குப் போனேன், கோபமாத்தான் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு பாலிசித் தாளை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டிச்சு. காப்புறுதித் தொகை 22,000. அதைப் போட்டது நான்தான். மார்ச்சுல புதுப்பிக்கிறப்போ ஏஜெண்டு 27,000 போடச் சொன்னாரு, வருஷக் கட்டணம் 471 வெள்ளி வந்துச்சு. நான் குறைங்கன்னேன். 22,000 போட்டா 408. 63 வெள்ளி மிச்சம், அந்த வாரத்து பாசார், மார்க்கெட் செலவு ஆச்சேன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். அந்த 63 வெள்ளிக்காக 5,000 வெள்ளி போச்சு மக்களே. டோட்டல் லாஸ் ஆனா, காப்புறுதித் தொகைக்கு மேல ஒரு காசு தர மாட்டாங்க. கம்பெனி மேல எனக்கு வருத்தமே இல்ல.

அந்த 22,000-மும் நம்ம கைக்கு வராது. கெரான்ல, காடியோட உரிமைப் பத்திரத்துல பேங்கு பேரு இருக்குல்ல, முதல்ல அவங்களுக்குப் போகும். 2019-ல ஒன்பது வருஷ லோன் போட்டு எடுத்தது, 2020-ல கோவிட் நேரத்துல ஆறு மாசத் தவணையை நிறுத்தி வச்சோம், அது பின்னாடி தள்ளிப் போயிருந்துச்சு. பேங்குக்கு 18,900. மிச்சம் 3,100. அதுக்கும் மூணு மாசம் ஆச்சு, அந்த மூணு மாசமும் இல்லாத காடிக்கு 456 வெள்ளி கட்டினேன். கிளெய்ம் ஓடுதுன்னு தவணையை நிறுத்திடாதீங்க, பேங்கு பாக்குறது கடனை மட்டும்தான்.

உங்க தொகை சரியா இருந்தும் கம்பெனி குறைச்சுக் கொடுத்தா, உடனே கையெழுத்துப் போடாதீங்க. எந்த விலையை வச்சு மதிப்புப் போட்டாங்கன்னு எழுத்துல கேளுங்க. கம்பெனி கடைசி முடிவு எழுதிக் கொடுத்த பிறகும் ஒத்து வரலன்னா, ஆறு மாசத்துக்குள்ள நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம், சுருக்கமா எஃப்எம்ஓஎஸ், இந்த மாதிரி தகராறைத் தீர்த்து வைக்கிற இடம். 2025 ஜனவரியிலேருந்து அந்தப் பேர்ல நடக்குது. காசு கேக்க மாட்டாங்க.

பழைய காடியிலேருந்து சாமானை எடுக்கப் போனேன். டோல் கட்டுற டச் அண்ட் கோ கார்டு, திருநீறுப் பொட்டலம், அம்மாவோட குடை. டேஷ்போர்டுல ஒட்டியிருந்த முருகர் மட்டும் வரல, பசை இறுகிப் போச்சு. சுரண்டிப் பாத்தேன், அப்புறம் விட்டுட்டு வந்துட்டேன்.

இப்ப புதுசா வாங்கின பழைய காடி. எஸ்டேட்டுல காடி இல்லாம மூணு மாசம் இருந்து பாருங்க, கிளினிக்குக்குக்கூட பக்கத்து வீட்டைக் கெஞ்சணும். ஈப்போவுல முதல்ல பாத்த மைவி காடி பளபளன்னு இருந்துச்சு, விலையும் குறைவு. நல்ல வேளை எங்க காடி மெக்கானிக் போமன் அங்கிளைக் கூட்டிட்டுப் போனேன். அவரு பின்னாடி டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயரை வெளிய வச்சாரு. அடியில விரலை வச்சு மெதுவா இழுத்துக்கிட்டே போனவரு ஒரு இடத்துல நிறுத்தி, "இங்க தொட்டுப் பாரும்மா"ன்னாரு. பெயிண்டுக்கு அடியில ஒரு மேடு, இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நேரா. ரெண்டு காடியை வெட்டி ஒட்டினது. எங்க பெஸ்ஸா மாதிரி ஒண்ணோட பின்பாதியா இருக்கும்னு நினைச்சப்ப வயிறு கலங்கிருச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு 2014 மைவி ஒண்ணு கிடைச்சுச்சு, 19,000. காடியைச் சோதிக்கிற பூஸ்பாகோம்ல பாஸ். என் 3,100, அம்மா கூட்டுச் சீட்டுல எடுத்த 3,000, மீதிக்கு அஞ்சு வருஷ லோன். கிளெய்ம் பண்ணாம இருந்தா கிடைக்கிற தள்ளுபடி, என்சிடி, 55 பர்சண்ட் இருந்தது, நம்ம காப்புறுதியிலயே கிளெய்ம் பண்ணதால பூஜ்யமாச்சு. அதனால இன்சூரன்ஸ் 800 வெள்ளிக்கு மேல. மறுபடி 55 வர அஞ்சு வருஷம் ஆகும்.

இந்தத் தடவை 19,000-மும் முழுசா, ஒப்புக்கொண்ட மதிப்புன்னு போட்டேன். சந்தை விலை அப்போ என்னவா இருந்தாலும் டோட்டல் லாஸுக்கு அந்தத் தொகைதான் வரும். உங்க பாலிசித் தாளை எடுத்து அந்த வரியைப் பாருங்க, என்ன தொகை இருக்குன்னு கீழ போடுங்க, நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன்.

தம்பி ஷிஃப்ட்டுக்குக் கிளம்புறான், காடி சாவி என்கிட்ட இருக்கு. வச்சிடுறேன்.