கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். விடுமுறைக்குச் சென்னை வருகிறவர்கள் பெரும்பாலும் மெரினாவில்தான் போய் நிற்கிறார்கள். நடக்கவும் காற்று வாங்கவும் அதைப்போல இடம் கிடையாது. ஆனால் குளிக்க வேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் போங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை மெரினாவின் மணலிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் அலை இன்றைய காமராசர் சாலைக்குப் பக்கத்திலேயே அடித்தது. 1870களில் வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். மீனவர்கள் இதைத் தெண்டி என்பார்கள். அது சுமந்துவந்த மணலைச் சுவர் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. மணல் போய்ச்சேராத இராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். இன்று சில இடங்களில் சாலையிலிருந்து அலை வரைக்கும் 400 மீட்டருக்கு மேல் மணல்.

அவ்வளவு தூரம் மணலில் நடப்பது வயதானவர்களுக்குச் சிரமம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரில், மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் போட்ட மரப்பாதையில் இறங்குங்கள். அந்த டிசம்பரிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியை அலைக்குப் பக்கம் வரை தள்ளிக்கொண்டு போகலாம். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களில் ஒன்றில் இறங்கலாம். அண்ணா நினைவிடப் பக்கம் போக வேண்டுமென்றால் சேப்பாக்கம்.

இனி தண்ணீர். மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது. காரணம், கரை சட்டென்று சரிகிறது. முழங்கால் ஆழத்தில் நிற்கிறவர் நாலடி வைத்தால் மார்பளவு. திரும்பிப்போகும் அலை குதிகாலுக்குக் கீழிருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகும். கால் நழுவிய அந்த நொடியில் அடுத்த அலை வந்துவிடும். சேலையும் ஜீன்ஸும் நனைந்தால் எழுந்திருப்பதே கஷ்டம்.

இதைவிட ஆபத்தானது இழுப்பு. கரையேறிய தண்ணீரெல்லாம் திரும்பிப்போக ஒரு வழி தேடும். மணல்மேட்டில் பள்ளம் இருக்கும் இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து வேகமாகக் கடலுக்குள் ஓடும். இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். அலை இல்லையே என்று குழந்தைகளை அங்கேதான் இறக்குகிறார்கள். இறக்கவே கூடாத இடம் அதுதான்.

சிக்கிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். நல்ல நீச்சல்காரரும் சோர்ந்துபோவார். இழுப்பு அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அலை உடையும் இடத்தின் வழியே கரையேற வேண்டும். நீந்தத் தெரியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். கரையில் இருப்பவர்கள் கைகோத்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று நான்கு பேர் போவது இப்படித்தான். மூடியை இறுக்கிய காலித் தண்ணீர்க் கேனை வீசுங்கள், அதைப் பிடித்து மிதக்கலாம். உடனே 112ஐ அழையுங்கள்.

நேரம் பற்றிக் கொஞ்சம். நம் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் உதிப்பதைத்தான் கடலில் பார்க்கலாம். ஜூன் தொடக்கத்தில் காலை 5.40 வாக்கிலும் ஜனவரி கடைசியில் 6.35 வாக்கிலும் உதிக்கும். அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள், நிறம் மாறுவது அப்போதுதான். மாலையில் போகிறவர்கள் பௌர்ணமியன்று போங்கள், இருட்டும் நேரத்தில் நிலா கடலிலிருந்தே எழும். கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வரும். மேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாகும். அன்று நாலு மணிக்கும் மணல் சுடும், குழந்தைகளின் செருப்பைக் கழற்றாதீர்கள். காணும் பொங்கல் கூட்டத்தில் போகிறவர்கள் பிள்ளைகளின் கையில் தொலைபேசி எண்ணைக் கட்டி அனுப்புங்கள்.

சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடாமல் மெரினாவிலிருந்து திரும்ப முடியாது. கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுப்பதை வாங்குங்கள். பொரித்து அடுக்கிவைத்த மீனைவிட, மசாலா தடவிய மீனைக் காட்டி வறுத்துத்தரச் சொல்வது நல்லது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பெசன்ட் நகர். அங்கே நிற்கும் வெள்ளை வளைவு, 1930இல் ஒரு பெண்ணைக் கடலிலிருந்து காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும், ஒரு குழியில் நூற்றுக்கும் மேல். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். உடன் நடக்கிறவர்கள் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் அடிக்கக் கூடாது. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் ஊர்ந்துபோகும்.

மணலில் நீல நிறத்தில் பலூன் போல ஒதுங்கிக் கிடக்கும், ஜெல்லிமீன் போன்ற கடலுயிரியைத் தொடாதீர்கள். காய்ந்திருந்தாலும் கொட்டும். கொட்டிவிட்டால் மணலால் தேய்க்காமல், கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத்திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாகக் கோவளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கரை. குளிக்க எல்லை, உயிர்காப்பாளர், உடைமாற்றும் அறை எல்லாம் உண்டு. அலைச்சறுக்கு கற்றுத்தருகிறவர்களும் இருக்கிறார்கள். கொடி நட்ட எல்லையைத் தாண்டினால் அங்கேயும் இழுப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கடலுக்குப் போகாதீர்கள் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்த நாளில், நீங்களும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

வணக்கம்.