கேட்டால் சரணாகதி இல்லையா?

நடுவர் அவர்களே, வணக்கம். 'கந்தர் சஷ்டி கவசத்தில் விஞ்சி நிற்பது கோரிக்கையா, சரணாகதியா?' என்பது தலைப்பு. கோரிக்கை அணித் தலைவர் அந்தப் பாட்டையே மளிகைக்கடைச் சிட்டை என்றார். கண்ணைக் காக்க, மூக்கைக் காக்க, தேளும் பாம்பும் தீண்டாமல் காக்க... "'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற அப்பரல்லவா சரணடைந்தவர்!" என்று முழங்கிக் கைதட்டலோடு போய் உட்கார்ந்தார்.

ஐயா, கைதட்டல் உங்களுக்கே இருக்கட்டும். அப்பர் பாட்டில் பாதியை ஏன் விழுங்கினீர்கள்? 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்' என்பதுதானே முதலில் வருகிறது? தாங்குவது அவன் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் அப்பர் தன் வேலைக்கே வருகிறார். கவசத்தைப் பாடிய தேவராய சுவாமிகளும் அதே உரிமையில்தான், நான் எத்தனை பிழை செய்தாலும் 'பொறுப்பது உன்கடன்' என்கிறார்.

சரி, அதே அப்பர் சைவத்துக்குத் திரும்பி வந்து திருவதிகையில் பாடிய முதல் பதிகம் எதைப் பற்றி? வயிற்றுவலியைப் பற்றி! 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று சூலைநோயைச் சொல்லி அழுதார். குடலைப் பிடித்துக்கொண்டு வந்தவரை, 'நீ கோரிக்கை அணி, அந்தப் பக்கம் போய் உட்கார்' என்று சிவன் திருப்பி அனுப்பவில்லை.

வைணவர்கள் இதை இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சரணாகதியை ஆறு கூறாகச் சொல்வார்கள். அதில் ஒன்று கோப்த்ருத்வ வரணம். 'நீதான் என்னைக் காக்க வேண்டும்' என்று கேட்பது. கேட்காவிட்டால் சரணாகதியில் ஒரு கூறு குறைகிறது, நடுவர் அவர்களே!

எங்கள் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் நாலே பல். ஆனாலும் செவ்வாய்க்கிழமை விளக்கேற்றிவிட்டு 'முப்பத் திருபல் முனைவேல் காக்க' என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்வாள். நான் சும்மா இருப்பேனா? "இல்லாத இருபத்தெட்டுக்கு எதுக்குப் பாட்டி வேல்?" என்று கேட்டேன். விபூதியைக் குழைத்துக்கொண்டே சொன்னாள்: "உடம்பையே அவன்கிட்ட ஒப்படைச்சாச்சு. பல்லை எண்ணுறது அவன் பாடு. உனக்கென்னடா?"

எதிரணித் தலைவர் சிட்டை என்றாரே, இது அந்தச் சிட்டைதான். ஆனால் கடையில் வாங்க எழுதியது இல்லை. வீட்டைக் காலிசெய்யும்போது ஒவ்வொரு சாமானாகச் சொல்லிச் சாவிக்கொத்தோடு கையில் கொடுப்போமே, அது. நெற்றி, கண், செவி, மூக்கு, வாய், பல் என்று எல்லாவற்றையும் கொடுத்த பிறகு பாட்டு எங்கே போய் முடிகிறது?

'சரணம் சரணம் சண்முகா சரணம்.'

இதோ, மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.