கர்ணன் சாகலாம், ஹீ-மேன் சாகக் கூடாதா?

நடுவர் அவர்களே, தருமபுரிப் பெருமக்களே, வணக்கம். 'மறுபடி வந்த ஹீ-மேன் மெருகேறினானா, மெலிந்துபோனானா?' என்பது தலைப்பு. ஹீ-மேன் என்றால் நாம் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் வீரன். மெருகேறினான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் எதிரணி அண்ணன் கொதித்துப்போய்ப் பேசினார். "2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த புதுத் தொடரில் முதல் எபிசோடிலேயே ஹீ-மேனைச் சாகடித்துவிட்டு, கதையை அவன் தோழி தீலாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அது துரோகம்" என்றார்.

அண்ணே, பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். கர்ணன் வருஷா வருஷம் சாகிறான். போன வருஷமே செத்தானே என்று யாராவது துண்டை உதறிக்கொண்டு கிளம்புகிறோமா? போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியோடு அவன் பேசுகிற இடத்துக்காக விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். பழைய கதைதான், ஆனால் ஒவ்வொரு வாத்தியாரும் அதில் ஒரு புது வலியைக் கண்டுபிடிக்கிறார்.

பழைய தொடர் 1983 முதல் 1985 வரை, 130 எபிசோட். பொம்மை 1982-லேயே கடைக்கு வந்துவிட்டது. அதை விற்கத்தான் தொடர். செலவைக் குறைக்க, ஓடுகிற காட்சியையும் குத்துகிற காட்சியையும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வாள் யாரையும் வெட்டாது. முடிவில் ஒரு நீதி. தூர்தர்ஷனில் பார்த்த வயதுக்கு அது போதும், நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன்.

ஆனால் 130 எபிசோடிலும் இளவரசன் ஆதாம், தான்தான் ஹீ-மேன் என்பதை மறைத்து, கூடவே வளர்ந்த தீலாவிடம் பொய் சொன்னான். அந்தப் பொய்க்கு அவன் ஒரு பைசா விலை கொடுக்கவில்லை. புதுத் தொடர் அந்தக் கணக்கைத்தான் எடுத்தது. ஆதாம் செத்ததும் ரகசியம் உடைகிறது. வளர்த்த அப்பாவுக்குத் தெரியும், கோமாளி ஓர்கோவுக்குக்கூடத் தெரியும், தன்னிடம்தான் சொல்லவில்லை என்று தீலாவுக்குப் புரிகிறது. அரண்மனையை உதறிவிட்டு வெளியேறுகிறாள். நாயகனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறீர்களே, அவன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று பழைய தொடர் ஒரு நாளாவது காட்டியதா? எலும்புமூஞ்சி வில்லன் ஸ்கெலிட்டரிடம் திட்டு வாங்கியே காலம் கழித்த சூனியக்காரி ஈவில்-லின்னுக்கும் இதில்தான் ஒரு மனசு கிடைத்தது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. முன்னோட்டத்தில் ஹீ-மேனை வாளோடு நிறுத்திவிட்டு, உள்ளே தீலாவின் கதையைச் சொன்னால் ரசிகனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஜூலையில் ஐந்து எபிசோடைக் காட்டிவிட்டு மிச்சத்துக்கு நவம்பர் வரை காக்க வைத்தார்கள். எல்லாவற்றையும்விட, தோழர்களைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த ஓர்கோவை அடுத்த பாதியில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அழுத கண்ணீருக்கு என்ன மரியாதை? எதிரணி இதைப் பிடித்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. நல்லவேளை, அவர்கள் பிடிக்கவில்லை!

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் அந்த முதல் எபிசோடின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பாருங்கள். பக்கத்தில் எதிரணி அண்ணனையும் உட்கார வையுங்கள். அவர் எழுந்து போனால் தீர்ப்பு அவருக்கே. நன்றி, வணக்கம்.