கம்பி கழற்றிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கும் காலத்தில், கம்பி கன்னத்தில் குத்தினால் மருத்துவர் தந்த மெழுகை உருட்டி ஒட்டுவதையும், மாங்காயைக் கடிக்காமல் கீற்றாக நறுக்கித் தின்பதையும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒழுங்காகவே செய்கிறார்கள். கவனம் தளர்வது கம்பி கழற்றிய அன்றுதான்.

பல் எலும்பில் அறைந்த ஆணியன்று. நுண்ணிய நார்களே அதைத் தாங்குகின்றன. இடம் மாறிய பல்லைச் சுற்றி எலும்பு இறுகச் சில மாதங்களும், ஈறின் நார்கள் அடங்க ஏறத்தாழ ஓராண்டும் ஆகும். அதுவரை அந்நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். கிருஷ்ணகிரித் தோட்டத்தில் புதிதாக நட்ட ஒட்டு மாங்கன்றுக்கு முட்டுக்கொம்பு எப்படியோ, அப்படித்தான் கம்பி கழற்றிய பல்லுக்கு ரீட்டெய்னர் என்னும், கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் பிடிப்பு.

பாலக்கோட்டுப் பக்கத்து மாணவி ஒருவர், திருமணப் பந்தியில் ரீட்டெய்னரைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்தார். சாம்பார், ரசம், பாயசம் என்று பேச்சு நீண்டதில் இலையோடு அதுவும் போயிற்று. மண்டபத்தின் பின்புறம் எச்சிலிலைக் குவியலை அவருடைய தந்தை டார்ச் விளக்கோடு ஒரு மணி நேரம் கிளறியும் கிடைக்கவில்லை. தேர்வு முடியட்டும் என்று நான்கு மாதங்கள் கழித்து என் பல் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதற்குள் மேல்வரிசை முன்பல் ஒன்று, நாக்கு நுனி பட்டாலே தெரியுமளவுக்குத் திரும்பிவிட்டிருந்தது. மறுநாளே வந்திருந்தால் புதிதாக அளவெடுத்துச் செய்து தந்திருப்பேன். மீண்டும் கம்பி கட்ட வேண்டியதாயிற்று. அன்று முதல் ஒவ்வொருவரிடமும் பெட்டியைக் கையில் கொடுத்தே சொல்கிறேன்: வாயில் இல்லாத நேரத்தில் அது பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். சட்டைப்பையில் அன்று, காகிதத்தில் அன்று, பெட்டிக்குள். தொலைந்தால் மறுநாளே வாருங்கள்.

வெந்நீரில் கழுவினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். குளிர்ந்த நீரும் மெல்லிய பிரஷும் போதும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். ஆயினும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. கம்பி இருந்தபோது சரியாகத் துலக்காததால் அழுக்குத் தங்கி விழும் வெண்புள்ளி வேறு. பல் உருவாகும் வயதில் நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் மிகுதியான ஃபுளோரைடால் படியும் பழுப்புக் கறை வேறு. இரண்டுமே தேய்த்தால் போகமாட்டா. சாம்பலும் செங்கற்பொடியும் போட்டுத் தேய்த்துப் பல்லின் மேற்பூச்சைக் கரைத்துவிடாமல், எந்தக் கறை என்பதை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். வணக்கம்.