பத்தாம் வகுப்பிலேயே தொழிலை முடிவு செய்யலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தேர்வு முடிவு வந்த கையோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த மே மாத வெக்கையிலும் இராயபுரத்தில் கூடியிருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். செய்யப்போகும் தொழிலைப் பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்வது நன்றா, படிப்படியாக முடிவு செய்வது நன்றா என்பது தலைப்பு. படிப்படியாகவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அவர்கள் இரண்டு வாதங்களை வைத்தார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்த பிள்ளை கரை சேராது என்பது முதலாவது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நான்கு படிப்புகளைத் தொட்டுப் பார்க்கலாம், காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் தாயின் பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாது, ஆகவே அந்தப் பிள்ளை சீக்கிரம் முடிவு செய்தாக வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டாவதற்குக் கைதட்டல் பலமாக விழுந்தது. விழ வேண்டியதுதான்; அதில் உண்மையான வலி இருக்கிறது. அந்த வலியிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவைத்தான் நான் மறுக்கிறேன். பணமில்லாத வீட்டில் ஒரு முடிவு பிசகினால் மறுபடி தொடங்குவது கடினம் என்றால், மாற்றவே முடியாத முடிவைப் பதினைந்து வயதில் எடுக்கச் சொல்வது அந்த வீட்டுக்குத்தானே பெரிய ஆபத்து?

பின்னி மில் என்று நம் பெரியவர்கள் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் நெசவாலையை நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. அப்பாவுக்குப் பின் மகன் என்று பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் அந்த ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் திட்டமிடாதவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? எதிரணி கேட்கும் அத்தனை உறுதியோடும் திட்டமிட்டவர்கள் அவர்கள். 1996-இல் ஆலை மூடப்பட்டது. பதினைந்து வயதில் நாம் கணிப்பது நம் விருப்பத்தை மட்டுமல்ல, நாற்பது ஆண்டு காலத்துத் தொழிற்சந்தையையும் சேர்த்துத்தான்; அந்தக் கணிப்பை ஆலை முதலாளிகளாலேயே செய்ய முடியவில்லை.

சரி, அந்த வயதுப் பிள்ளைக்கு எத்தனை தொழில்கள் தெரியும்? டாக்டர், டீச்சர், இன்ஜினியர், போலீஸ். துறைமுகத்துச் சுவருக்கு இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தாலும், அந்தப் பக்கம் சரக்குக் கணக்கெடுப்பவர், கிரேன் இயக்குபவர், சுங்க ஆவணங்களை முடித்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் என்று எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லாத செய்தி. மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி தெரியும், அதற்குக் கீழே வேதிப்பொறியியல் படித்தவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் அப்ரண்டிஸ்களாக எடுக்கிறது என்பது பக்கத்துத் தெருவிலேயே பலருக்குப் புதிய தகவல். (பயிற்சி முடித்த எல்லோருக்கும் அங்கேயே வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வேறு.) பார்க்காத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? தெரிந்த நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் இலட்சியம் என்கிறார்கள் எதிரணியினர்.

அப்படியானால் பத்தாம் வகுப்பில் எதையுமே முடிவு செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். முடிவு செய்ய வேண்டும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான கேள்வி, 'நீ என்ன ஆகப்போகிறாய்' என்பதன்று, 'இந்தக் குரூப்பை எடுத்தால் எந்தக் கதவு மூடும்' என்பதே. மேல்நிலையில் கணிதத்தை விட்டால் பொறியியல் கலந்தாய்வின் கதவு பெரும்பாலும் மூடிவிடும், ஏனென்றால் கட் ஆஃப் கணக்கே கணிதம், இயற்பியல், வேதியியலை வைத்துத்தான். உயிரியலை விட்டால் நீட் தேர்வும் பெரும்பாலும் எட்டாது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் சி.ஏ. படிப்பின் முதல் நிலைத் தேர்வுக்கும் எந்தக் குரூப் என்று யாரும் கேட்பதில்லை. இதைச் சொல்லிக்கொடுக்காமல், எட்டாம் வகுப்பிலேயே நீட் பயிற்சிக்கு நகையை அடகு வைக்கும் பழக்கத்தை நாம் திட்டமிடல் என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏழைப் பிள்ளைக்குப் படிப்படியாகப் போகும் பாதை கட்டுப்படியாகாது என்றார்கள் அல்லவா, அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடித்தவர், பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டும் இரண்டும் மூன்றும் ஏழு ஆண்டுகள். பிளஸ் டூ வழியாகப் போனால் ஆறு. ஒரே ஒரு ஆண்டு கூடுதல். அதற்குக் கிடைப்பது என்ன? இடையில் எங்கே நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழும் செய்யத் தெரிந்த ஒரு வேலையும் இருக்கும். பிளஸ் டூ வழியாகப் பொறியியலுக்குப் போய் மூன்றாம் செமஸ்டரில் குடும்பம் நொடித்தால் கையில் இருப்பது அரியர் பட்டியல் மட்டும்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. என எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசாங்கமே ஒரு வழியைக் கட்டாயப்படுத்தவில்லை, நாம் ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டைக் காசிமாவைப் போன்றவர்கள் சிறு வயதிலேயே தொடங்கியாக வேண்டும்; அங்கே காலம் காத்திருக்காது. ஆனால் கணக்கு எழுதுவதற்கும் வெல்டிங் செய்வதற்கும் வழக்காடுவதற்கும் அப்படிப்பட்ட வயதுக் கெடு ஏதுமில்லை. விதிவிலக்கை எடுத்து விதியாக்கியதுதான் எதிரணியின் பேச்சு.

நடுவர் மணியை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நாற்பத்தைந்து மதிப்பெண் வாங்கிய தண்டையார்பேட்டை மாணவி ஒருத்திக்கு, ஐ.டி.ஐ. பட்டறையில் அளவெடுத்து அளவெடுத்துப் பதினேழாவது வயதில் கணிதம் பிடித்துப்போகிறது. உங்கள் திட்டத்தில் அவளுடைய தொழில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அவளை என்ன செய்யச் சொல்வீர்கள்?