மோசமான லெஃப்ட் பேக் யார்? கேமரா காட்டாததையும் பார்ப்போம்

[திரையில்: காலி மைதானம். இடது ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம்]

வணக்கம். ஃபுட்பால் ரசிகர்கள் நாலு பேர் கூடி "யார் பெஸ்ட்" என்று பேசினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். "யார் படுமோசம்" என்று ஆரம்பித்தால் விடிய விடியப் போகும். அதிலும் லெஃப்ட் பேக், அதாவது தடுப்பு வரிசையில் இடது ஓரத்தில் ஆடுபவர் என்று வந்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் தயாராக இருக்கும். பல வருடங்களாக இந்தப் பேச்சில் தவறாமல் வரும் ஒரு பெயர், ஜிமி ட்ரவோரே.

2005 ஜனவரி 18. எஃப்.ஏ. கோப்பை, மூன்றாவது சுற்று. லிவர்பூல், தன்னைவிட ஒரு டிவிஷன் கீழே ஆடிய பர்ன்லியின் மைதானத்துக்குப் போயிருந்தது. பக்கவாட்டிலிருந்து ஒரு பந்து கோல் முன்னால் வருகிறது. கோட்டுக்குச் சில அடி தூரத்தில் லிவர்பூலின் ட்ரவோரே நிற்கிறார். ஓங்கி வெளியே அடித்திருந்தால் ஒரு கார்னரோடு போயிருக்கும். அவர் பந்தைக் காலால் இழுத்துக்கொண்டே உடம்பைச் சுழற்றித் திரும்பப் பார்த்தார். பந்தும் கூடவே திரும்பி வலைக்குள் போய்விட்டது. சேம்சைடு கோல். 1-0. லிவர்பூல் கோப்பையிலிருந்து வெளியே.

அந்தச் சில நொடிகள் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதை வைத்து ஒருவரை வரலாற்றிலேயே மோசமான லெஃப்ட் பேக் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பட்டியல்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் கேமராவில் மாட்டியவர்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை மைதானத்தில் வைத்தே காட்டுகிறேன்.

[திரையில்: மேலிருந்து பார்க்கும் படம். பந்து லெஃப்ட் பேக்குக்கு எதிர்ப்பக்கம்]

பந்து மைதானத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது லெஃப்ட் பேக் தன் ஓரத்தை விட்டு உள்ளே நகர்ந்து, நடுவில் தடுக்கும் சென்டர் பேக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் நடுவில் பெரிய ஓட்டை விழும். வந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் எதிரணி விங்கர், அதாவது ஓரமாகத் தாக்க வருபவர், தனியாக நிற்பார். ஒரு கண் பந்தில், ஒரு கண் பின்னால் நிற்பவர் மேல். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. அதனால் நல்ல லெஃப்ட் பேக் ஒவ்வொரு நொடியும் தலையைத் திருப்பித் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பார். அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அவர் கழுத்தை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள், புரியும்.

சரி, மறுபக்க ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்து தூக்கி அடிக்கப்படுகிறது, அதாவது கிராஸ் வருகிறது. அங்கே கிராஸ் அடித்தவரை யாரும் நெருங்கவே இல்லை. நிதானமாக நிமிர்ந்து பார்த்து, அளந்து அடித்த பந்து லெஃப்ட் பேக்கின் தலைக்கு மேல் போய், பின்னால் நின்ற விங்கரிடம் விழுகிறது. கோல். ரீப்ளேயில் தெரிவது யார்? கடைசியாகப் பந்தைத் தவறவிட்ட லெஃப்ட் பேக். மறுபக்கத்தில் கிராஸைத் தடுக்காமல் நின்றவர் ஃப்ரேமிலேயே இருக்க மாட்டார்.

இன்னொரு நிலைமை இதைவிடக் கொடுமை. எதிரணி விங்கர் பந்தோடு முன்னால் நிற்கிறார். அவருக்கு வெளியே, கோடு ஓரமாக, அவர்களின் ரைட் பேக்கும் ஓடி வருகிறார். ஒருவருக்கு இருவர். நம் அணியின் லெஃப்ட் விங்கர் இறங்கி வந்து ஒருவரைப் பிடிக்க வேண்டும். அவர் நடுக்கோட்டருகே நடந்துகொண்டிருந்தால் லெஃப்ட் பேக் என்ன செய்வார்? பாய்ந்து பறிக்கப் போனால் வெளியே ஓடுபவருக்குப் பந்து போய்விடும். அங்கே போனால் விங்கர் உள்ளே வெட்டி ஷாட் அடிப்பார். அவரால் முடிந்தது, பக்கவாட்டாக நின்று, பின்வாங்கிப் பின்வாங்கி, துணைக்கு ஆள் வரும்வரை இரண்டு மூன்று நொடி இழுத்தடிப்பதுதான். வீட்டில் பார்க்கும் நமக்கு அது பயந்து ஓடுவது போலத் தெரியும். "போய் மறிடா!" என்று நானும் கத்தியிருக்கிறேன்.

இடது பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இடது காலால் ஆடுபவர்களே குறைவு. அவர்களில் வேகமும் பந்து அடக்கமும் உள்ளவரைக் கோச் முன்னால் விங்கராக அனுப்பிவிடுவார். அதனால் பல அணிகளில் வலது கால்காரரோ, சென்டர் பேக்கோ இங்கே வந்து நிற்பார்கள். வலது காலை வைத்துக்கொண்டே இந்த இடத்தில் கொடிகட்டிப் பறந்த மால்தினி போன்றவர்கள் அபூர்வம்.

[திரையில்: 2007 – 2009]

இப்போது ரசிகர்களின் தீர்ப்பு எவ்வளவு சீக்கிரம் தப்பாகும் என்பதற்கு ஒரு சாட்சி. 2007-இல் டாட்டன்ஹாம் ஓர் இளம் லெஃப்ட் பேக்கை வாங்கியது. அவர் களமிறங்கிய 24 பிரீமியர் லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி ஜெயிக்கவில்லை. ராசியில்லாதவன் என்றே பெயர் ஒட்டிவிட்டது. 2009 செப்டம்பரில், கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக அவர் இறங்கிய ஓர் ஆட்டத்தில்தான் அது முடிந்தது. எதிரணி அதே பர்ன்லி, ஸ்கோர் 5-0. அடுத்த வருடம் அக்டோபரில் மிலான் நகரில் இண்டருக்கு எதிராக ஹாட்ரிக். 2013-இல் ரியல் மாட்ரிட். அவர்தான் கேரத் பேல். அந்த 24 ஆட்டங்கள் டாட்டன்ஹாமைப் பற்றிச் சொன்னது அதிகம், அவரைப் பற்றிச் சொன்னது குறைவு.

பட்ரிஸ் எவ்ராவும் அப்படித்தான். 2006 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக முதல் ஆட்டம், அதுவும் மான்செஸ்டர் சிட்டியோடு. இடைவேளையிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அதே எவ்ரா ஐந்து லீக் பட்டம் வென்றார். அன்று மாலை யாராவது பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயர் உச்சியில் இருந்திருக்கும்.

இனி, நிஜமாகவே எனக்குக் கோபம் வந்த ஒரு காட்சி. 2006 ஜூலை 1, ஃபிராங்க்ஃபர்ட். உலகக் கோப்பை காலிறுதி, பிரேசிலும் பிரான்ஸும். பிரான்ஸின் ஜிடேன் ஃப்ரீ கிக் அடிக்கப் போகிறார். எல்லோரும் கோலை நோக்கி ஓட, பெனால்டி பெட்டியின் விளிம்பில் பிரேசிலின் லெஃப்ட் பேக் ராபர்ட்டோ கார்லோஸ் குனிந்தபடியே நிற்கிறார். காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்பது அன்று முதல் இருக்கும் பேச்சு. பந்து தூரத்துப் போஸ்டுக்குப் போகிறது. அங்கே தியரி ஹென்றி, மறிக்க ஆளில்லாமல். 1-0. பிரேசில் வெளியே.

என் கணக்கில் இது ட்ரவோரேயின் சேம்சைடு கோலைவிடப் பெரிய தப்பு. ட்ரவோரே பந்தைக் காப்பாற்றப் போய்ச் சொதப்பினார். இவர் ஓடவே இல்லை. ஆனாலும் ராபர்ட்டோ கார்லோஸை யாரும் மோசமான லெஃப்ட் பேக் பட்டியலில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்க மாட்டேன், 2002 உலகக் கோப்பை வென்ற அவருடைய எத்தனையோ வருட ஆட்டம் நமக்குத் தெரியும். அந்தச் சலுகையை ட்ரவோரேக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவருக்கும் சொல்ல ஓர் இரவு இருக்கிறது.

[திரையில்: இஸ்தான்புல், 2005 மே 25]

பர்ன்லி தோல்விக்கு நாலு மாதம் கழித்து சாம்பியன்ஸ் லீக் இறுதி. லிவர்பூலுக்கு எதிரே ஏ.சி. மிலான். லெஃப்ட் பேக், ட்ரவோரே. முதல் நிமிடத்திலேயே மிலான் ஆட்டக்காரர் காக்கா மீது ஃபவுல் செய்தார். அந்த ஃப்ரீ கிக்கை மால்தினி கோலாக்கினார். இடைவேளையில் மிலான் 3-0. ட்ரவோரேயை எடுத்துவிடுவது என்று லிவர்பூல் கோச் பெனிட்டெஸ் முடிவு செய்துவிட்டார். ட்ரவோரே பூட்ஸைக்கூடக் கழற்றிவிட்டார். அதற்குள் ரைட் பேக் ஃபின்னனுக்குக் காயம் என்று தகவல் வர, ஃபின்னன் போய் ஹாமன் வந்தார். ட்ரவோரே மறுபடி பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மூன்று பேர் தடுப்பு வரிசையில் இடது பக்கம் போய் நின்றார்.

ஆறே நிமிடத்தில் லிவர்பூல் மூன்று கோல் அடித்த கதை எல்லோருக்கும் தெரியும். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். எழுபதாவது நிமிடம் வாக்கில் தாழ்வாக ஒரு பந்து. கோல்கீப்பர் டுடெக்கின் கையிலிருந்து அது நழுவுகிறது. முன்னால் மிலானின் ஷெவ்சென்கோ, காலி கோல். அவர் அடிக்கிறார். கோட்டில் ட்ரவோரே. இந்த முறை இழுக்கவில்லை, சுழலவில்லை. வந்த பந்தை அப்படியே வெளியே தட்டிவிட்டார்.

[திரையில்: ஸ்கோர் 3-3, அப்படியே நிற்கிறது]