எண்ணும் முன்பே கேளுங்கள்

நடுவர் அவர்களே! பன்னாட்டுக் கடலின் மீன்வளத்தைக் காக்க ஆய்வுக் கப்பலே போதும் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறது எதிரணி. கரையோர நாட்டின் மீன்பிடி உரிமை முடியும் 200 கடல் மைலுக்கு அப்பால் நடப்பது கரையில் இருக்கும் பழங்குடிக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார்கள். பழங்குடி அறிவையும் ஆய்வின் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது எங்கள் அணி.

அலாஸ்காவின் வடகோடிக்கு வாருங்கள். 1977இல் வில்தலைத் திமிங்கில வேட்டைக்குப் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் தடை போட்டது. மிஞ்சியவை அதிகம் போனால் 2,000 வாக்கில் என்பது அன்றைய கணக்கு. எப்படி எண்ணினார்கள்? பனி விளிம்பில் ஆளை உட்காரவைத்து, பனி பிளந்த திறந்த நீரில் தலைகாட்டுபவற்றை எண்ணினார்கள். பிளவு மூடினால் எண்ணிக்கையும் நின்றது. திமிங்கிலம் நிற்கவில்லை! அது பனிக்கடியிலேயே போகும், மெல்லிய பனியை முட்டி உடைத்து மூச்சுவிடும் என்று அங்குள்ள பழங்குடியினரான இன்யூப்பியாட் வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். 1980களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, பனி மூடிய நாளிலும் குரல் கேட்டது. 2001 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியது. இடையில் இனப்பெருக்கமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் கணக்கின் ஓட்டையைக் காட்டியது வேட்டைக்காரன்தானே?

"திமிங்கிலம் மீனா?" என்று அங்கிருந்து ஒரு குரல். இல்லை ஐயா, பாலூட்டி. ஆனால் துருவக் காட் மீனின் குஞ்சுகளும் பனியின் அடிப்புற இடுக்குகளில்தான் ஒண்டுகின்றன. ஒலி அனுப்பி, திரும்பும் எதிரொலியால் மீனைக் கண்டறியும் கருவி எதிரொலிமானி. கப்பலின் அடியில் பொருத்திய அது கீழ்நோக்கித்தான் பார்க்கும். தலைக்கு மேலே ஒட்டியிருப்பது அதற்குத் தெரியாது. அதே ஓட்டை!

ஆகவே அறிக்கை அச்சான பிறகு பின்னிணைப்பில் இரண்டு வரி சேர்ப்பதை நாங்கள் கேட்கவில்லை. எந்த மாதம், எந்தப் பனி நிலை, எந்த ஆழம் என்று ஆய்வுக் கப்பலின் தடம் வரையும்போதே பழங்குடியினரைக் கேளுங்கள். சொன்னதை இடம், பருவம், பனித் தடிமனோடு பதியுங்கள், கருவியால் சோதியுங்கள். தவறென்றால் தவறென்று எழுதுங்கள். அனுமதியின்றித் துல்லியமான மீன்பிடி இடங்களை மட்டும் வெளியிடாதீர்கள். வெளியிட்டால் அடுத்த பருவத்தில் பெருங்கப்பல்தான் முதலில் போய் நிற்கும்.

2018இல் பத்துத் தரப்புகள் கையெழுத்திட்ட மத்திய ஆர்க்டிக் மீன்வள ஒப்பந்தம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவிலுள்ள பன்னாட்டுக் கடலில் சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டரில் வணிக மீன்பிடிப்பு முதற்கட்டமாக 16 ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பு. கூட்டு ஆய்வு பழங்குடி அறிவைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது அது. நல்லது. ஆனால் குழுக்களில் ஆர்க்டிக் பழங்குடியினர் இடம்பெறும் இடத்துக்கு வந்ததும் "லாம்" என்று இறங்கிவிடுகிறது. குழு அமைக்கலாம், அதில் அவர்கள் பங்கேற்கலாம்! நடுவர் அவர்களே, எங்கள் வழக்கு அந்த "லாம்" மீதுதான். அதை "வேண்டும்" என்று திருத்தித் தீர்ப்புச் சொல்லுங்கள்.